விக்டோரியா காலத்து முகப்படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விக்டோரியா காலத்துப் பழைய படம் ஒன்றை யாரிடம் காட்டினாலும் முதலில் வரும் கேள்வி, "ஏன் இப்படி உம்மென்று இருக்கிறார்கள்?" அடுத்தது, "செத்தவரை நிமிர்த்தி வைத்து எடுத்ததாமே?" இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிச் சொல்லித்தான் இந்தப் பக்கம் உருவானது. அந்தப் படங்களில் நாம் பார்ப்பது, வெளிச்சம் தன் வேலையை முடிக்கும்வரை மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்த உயிருள்ள மனிதர்களை. அந்தச் சிரமத்தைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் வேறு மாதிரி தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

மனிதர்களைப் படம் எடுப்பது எப்போது தொடங்கியது?

இங்கிலாந்து அரசி விக்டோரியா பட்டத்துக்கு வந்தது 1837இல். இரண்டு வருடம் கழித்து, 1839 ஆகஸ்ட் 19 அன்று, லூயி டாகேர் என்ற பிரெஞ்சுக்காரரின் படமெடுக்கும் முறை (டாகெரோடைப்) பாரிஸில் பகிரங்கமாக விளக்கப்பட்டது. கட்டடங்களும் சிலைகளும்தான் முதலில் படமாயின. அவை ஆடாது, மனிதன் ஆடுவான். பல நிமிடம் அசையாமல் இருக்க யாரால் முடியும்?

அதே வருடக் கடைசியில், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் விளக்குகள் செய்யும் ராபர்ட் கொர்னீலியஸ் என்ற இளைஞர், கடைக்குப் பின்னால் கேமராவை வைத்துவிட்டுத் தானே அதன் முன் போய் நின்றார். தலைமுடி கலைந்திருக்கிறது. உருவம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. கேமரா வழியாகப் பார்த்து 'கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்' என்று சொல்ல அங்கே ஆளில்லை. இன்று நம்மிடம் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய முகப்படங்களில் அது ஒன்று.

இங்கிலாந்தில் முதல் ஸ்டுடியோ யாருடையது?

ரிச்சர்ட் பியர்டுடையது. 1841 மார்ச் 23 அன்று லண்டன் ரீஜன்ட் தெருவில், ராயல் பாலிடெக்னிக் கட்டடத்தின் கூரைமேல் திறந்தார். ஐரோப்பாவில் பொதுமக்களுக்காகத் திறந்த முதல் முகப்பட ஸ்டுடியோ அதுதான். பியர்ட் நிலக்கரி வியாபாரி. டாகேரின் முறையை பிரெஞ்சு அரசு உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்திருந்தாலும், இங்கிலாந்தில் மட்டும் அதற்குக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார்கள். அந்த உரிமையை விலைக்கு வாங்கிய பியர்ட், அனுமதியில்லாமல் படமெடுத்தவர்கள்மேல் வழக்குமேல் வழக்குப் போட்டுப் பத்து வருடத்துக்குள் திவாலானார். அவர் திறந்த சில மாதங்களிலேயே அந்துவான் குளோடே என்ற பிரெஞ்சுக்காரரும் லண்டனில் கடை போட்டார். முகத்தில் வெளிச்சத்தை எப்படி விழவைப்பது என்பதில் குளோடேவுக்கு இருந்த நுணுக்கம் பியர்டிடம் இல்லை என்பது என் எண்ணம்.

உள்ளே போனால் என்ன நடக்கும்?

பல மாடி ஏற வேண்டும். மின்விளக்கு இல்லாத காலம், சூரியனை நம்பித்தான் தொழில். அதனால்தான் ஸ்டுடியோ கூரையில். மேலே கண்ணாடிக் கூரை, அதிலும் நீலக் கண்ணாடி. அன்றைய ரசாயனங்களுக்கு நீல வெளிச்சம் மட்டுமே உறைத்தது. மற்ற நிறங்கள் உட்காருபவரின் கண்ணைக் கூசவைப்பதைத் தவிர வேறு பயன் தரவில்லை. எனவே வெயிலை நீலக் கண்ணாடியில் வடிகட்டி இறக்கினார்கள். எழுத்தாளர் மரியா எட்ஜ்வொர்த் 1841இல் பியர்டின் ஸ்டுடியோவுக்குப் போய்விட்டு வந்து எழுதிய கடிதத்தில், அந்த நீல ஒளியில் எல்லாரும் ஆவிகளைப் போலத் தெரிந்ததையும், கறுப்பு உடுப்புக்காரர்கள் சுற்றிச் சுற்றி வழுக்கிக்கொண்டு போனதையும் சொல்கிறார். அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல்.

உயரமான மேடையில் ஒரு நாற்காலி. சூரியன் நகர நகர அதையும் திருப்பிக்கொள்ளலாம். உட்கார்ந்ததும் பின்னாலிருந்து ஓர் இரும்புக் கவை வந்து தலையைப் பிடிக்கும். 1842இல் ஜார்ஜ் குரூக்ஷாங்க் வரைந்த கேலிப்படத்தில் இந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. கையில் கடிகாரத்தோடு ஒருவர் நேரத்தை எண்ணுகிறார், வந்த படத்தை இன்னொருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார். பூதக்கண்ணாடி வேண்டித்தான் இருந்தது. பியர்ட் கொடுத்த தகடு இரண்டரை அங்குலத்தைத் தாண்டாது.

டாகெரோடைப் என்பது சரியாக என்ன?

வெள்ளி பூசிய செம்புத் தகடு. முகம் தெரியும் அளவுக்கு அதைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். பிறகு அயோடின் ஆவியில் காட்டுவார்கள், வெள்ளி பொன்மஞ்சளாகும். வேகம் போதாதென்று புரோமின் ஆவியும் சேர்ந்தது. கேமராவில் வைத்து எடுத்த பின்னும் தகட்டில் ஒன்றும் தெரியாது. அதைச் சூடான பாதரசத்தின் ஆவிமேல் பிடித்தால், வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் பாதரசம் படிந்து வெண்மையாகும். முகம் மெல்ல எழும்பி வரும். அந்த ஆவியை நாள் முழுக்க மூச்சில் இழுத்த தொழிலாளிகளை நினைக்காமல் என்னால் இந்தப் படங்களைப் பார்க்க முடிவதில்லை.

கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு கோணத்தில் முகம் தெரியும். சற்றே சாய்த்தால் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறும். இன்னும் சாய்த்தால் முகம் மறைந்து, வெறும் கண்ணாடிபோல் உங்கள் முகமே தெரியும். நெகட்டிவ் கிடையாது, ஆகவே பிரதியும் கிடையாது. ஒரு தகடு, ஒரு முகம். பெரும்பாலும் இடவலமும் மாறியிருக்கும்; கோட்டுப் பொத்தான் தப்பான பக்கம் இருந்தால் குழம்ப வேண்டாம்.

எவ்வளவு நேரம் அசையாமல் இருக்க வேண்டும்?

1840இல் நியூயார்க்கில் பேராசிரியர் ஜான் டிரேப்பர் தன் அக்கா டாரதியை எடுத்தபோது 65 விநாடி ஆனது. அதற்கு முந்தைய சோதனைகளில், வெளிச்சம் கூடட்டும் என்று முகத்தில் மாவு பூசிப் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதே ஆண்டு வியன்னாவில் யோசஃப் பெட்ஸ்வால் என்ற கணித ஆசிரியர் முகப்படத்துக்கென்றே ஒரு லென்ஸைக் கணக்குப் போட்டு வடிவமைத்தார். முந்தைய லென்ஸ்களைவிடப் பல மடங்கு வெளிச்சத்தை அது உள்ளே விட்டது. புரோமினும் இந்த லென்ஸும் சேர்ந்ததும் நிமிடங்கள் விநாடிகளாகக் குறைந்தன. நல்ல வெயிலில் சில விநாடி, மூடுபனி கவிந்த லண்டன் குளிர்காலத்தில் நிமிடக் கணக்கு.

ஒரு முறை நீங்களே செய்து பாருங்கள். போனில் ஒரு நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு, உதட்டைக்கூட அசைக்காமல் உட்காருங்கள். நாற்பதாவது விநாடியில் கழுத்து நடுங்கத் தொடங்கும். அதற்குத்தான் அந்த இரும்புக் கவை. கண் சிமிட்டுவது பரவாயில்லை. இமைக்கும் நேரம் மிகக் குறைவு, படத்தில் பதியாது. தலை அசைந்தால்தான் போச்சு.

குழந்தைகளை எப்படி எடுத்தார்கள்?

தாய்மார்கள் போர்வைக்குள் ஒளிந்துகொண்டார்கள். குழந்தையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, தலையோடு காலாகத் துணியைப் போர்த்தி, நாற்காலியாகிவிட்டாள் அம்மா. பல படங்களில் துணிக்கு வெளியே ஒரு கை மட்டும் தெரியும், குழந்தையின் இடுப்பை அணைத்தபடி. விக்டோரியா காலத்துப் படங்கள் எல்லாவற்றிலும் என்னை அதிகம் அசைத்தவை இந்தக் கைகள்தான்.

நிற்பவரின் காலுக்குப் பின்னால் இரும்புத் தாங்கி தெரிகிறதே, அது பிணம்தானே?

இல்லை. அந்தத் தாங்கி ஆடாமல் நிற்க உயிரோடிருப்பவருக்குத் துணை. பிணத்தின் கனத்தைத் தாங்கும் வலு அதற்குக் கிடையாது. ஆகவே ஷூவுக்குப் பின்னால் அதன் அடிப்பாகம் தெரிந்தால், நிற்பவர் உயிரோடு இருந்தார் என்பதற்கே அது சாட்சி. "கண் வெளிறியிருக்கிறது, அதனால் பிணம்" என்பார்கள். நீலக் கண்கள் அன்றைய ரசாயனத்தில் வெளிறித்தான் விழும்.

இறந்தவர்களைப் படமெடுத்தது உண்மை. குழந்தைகள் கொத்துக்கொத்தாகச் செத்துப்போன காலம் அது. உயிரோடிருக்கும்போது ஒரு படம்கூட எடுத்திராத பிள்ளைக்கு அதுவே முதல் படமும் கடைசிப் படமும். படுக்கையிலோ, பெட்டியிலோ, தாயின் மடியிலோ, தூங்குவதைப் போலக் கிடத்தி எடுத்தார்கள். நிற்கவைத்து எடுத்ததாகச் சொல்லப்படுவதெல்லாம் பழைய படத்துக்கு விலை ஏற்றக் கட்டிய கதை. தயவுசெய்து அதைப் பரப்பாதீர்கள்.

அப்போ ஏன் யாரும் சிரிக்கவில்லை?

பல் கெட்டிருந்தது என்பார்கள். எனக்கு அது போதுமான காரணமாகப் படவில்லை. அரை நிமிடம் சிரிப்பைப் பிடித்து வைத்தால் அது இளிப்பாகிவிடும். தொடக்கத்தில் இதுதான் காரணம். ஆனால் 1860களில் சில விநாடிகளில் படம் எடுக்க முடிந்தபோதும் பெரும்பாலோர் சிரிக்கவில்லை. ஓவியனுக்கு முன்னால் உட்காரும் பழக்கத்தை அப்படியே கேமராவுக்கு முன்னும் கொண்டுவந்தார்கள். பேரன் பேத்தி பார்க்கப்போகும் முகம் அமைதியாக இருக்கட்டும் என்ற நினைப்பு.

சிரித்தவர்களும் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1840களின் நடுவில் டேவிட் ஆக்டேவியஸ் ஹில் தன் நண்பர்கள் இருவரோடு பியர்க் கோப்பைகளைச் சுற்றி உட்கார்ந்த படம் ஒன்று உண்டு. அதில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருக்கிறார். இவ்வளவு பழைய படத்தில் அந்தச் சிரிப்பைக் கண்டதும் நமக்கும் சிரிப்பு வந்துவிடும்.

ஹில் யார்? அவருடைய படங்கள் ஏன் மங்கலாக, ஓவியம்போல் இருக்கின்றன?

அவை தகட்டில் எடுத்தவை அல்ல, காகிதத்தில் எடுத்தவை. ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1841இல் காப்புரிமை பெற்ற காலோடைப் முறையில் நெகட்டிவே காகிதம்தான். அதன் நார் பிரிண்ட்டிலும் இறங்கி, எல்லாவற்றையும் மிருதுவாக்கிவிடும். டால்பட்டின் காப்புரிமை ஸ்காட்லாந்தில் செல்லாது. அதனால் அங்கே கை தாராளமாக ஓடியது.

1843 மே மாதம் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளந்து, நூற்றுக்கணக்கான போதகர்கள் வேலையையும் வீட்டையும் விட்டு வெளியேறினார்கள். ஓவியரான ஹில் அந்தக் காட்சியைப் பெரிய ஓவியமாக்க ஆசைப்பட்டார். அத்தனை முகங்களையும் வரைவதற்கு மாதிரியாகப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்லப்பட்டு, ராபர்ட் ஆடம்சன் என்ற இளைஞரோடு சேர்ந்தார். ஓவியம் முடிய 1866 ஆயிற்று. இன்று ஓவியத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. மாதிரிக்காக எடுத்த படங்கள்தான் நின்றன. கால்டன் குன்றில் ஆடம்சன் வீட்டு முற்றத்தில், வெயிலில் மேசை நாற்காலியைப் போட்டு, அறைக்குள் இருப்பதுபோல் ஜோடித்து எடுத்தார்கள்.

பக்கத்திலிருந்த நியூஹேவன் என்ற மீனவர் ஊரிலும் எடுத்தார்கள். பட்டை பட்டையாகக் கோடு போட்ட பாவாடையும் மீன் கூடையுமாக நிற்கும் பெண்களின் படங்கள் அவை. எலிசபெத் ஜான்ஸ்டன் ஹால் என்ற பெண் கூடைமேல் கைவைத்துக்கொண்டு கண்ணைத் தாழ்த்திப் பார்க்கிறாள். பணம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் வசதியெல்லாம் அந்தப் பெண்களுக்குக் கிடையாது. 1848இல் ஆடம்சன் இறந்தபோது வயது 26. நாலரை வருடத்தில் இருவருமாகக் கிட்டத்தட்ட மூவாயிரம் படங்கள் எடுத்திருந்தார்கள்.

ஒரு படத்துக்கு எவ்வளவு செலவாகும்?

பியர்டிடம் ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். பண்ணைக்கூலி வாரத்துக்குப் பத்து ஷில்லிங் அளவில் இருந்த காலம். இரண்டு வாரக் கூலி ஒரு சின்னத் தகட்டுக்கு.

விலையை உடைத்தவர் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர். கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைக் கண்ணாடியில் ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவும் முறையை 1851இல் வெளியிட்டார். காப்புரிமை வாங்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ பேர் பிழைத்தார்கள். ஆர்ச்சர் 1857இல் ஏழையாகச் செத்தார். அந்த முறையும் தன்னுடையதுதான் என்று டால்பட் தொடுத்த வழக்கு 1854இல் தோற்றதும் தடை நீங்கியது. கறுப்புப் பின்னணி வைத்த கண்ணாடிப் படம் ஆறு பென்ஸுக்குத் தெருவோரத்தில் கிடைத்தது.

தெருவோரத்தில் எடுத்தவர்கள் ஏமாற்றினார்களா?

சிலர் ஏமாற்றினார்கள், அதை ஒத்துக்கொள்ளவும் செய்தார்கள். லண்டன் தெருத் தொழிலாளிகளைத் தேடிப்போய்ப் பேசி எழுதிய பத்திரிகையாளர் ஹென்றி மேஹ்யூவிடம் ஒரு படக்காரர் சொன்னது இது. அவசரமாக வந்த மாலுமி ஒருவனிடம், மத்தியானம் வரவேண்டிய தச்சர் ஒருவரின் படத்தைத் தள்ளிவிட்டாராம். படத்தில் வெள்ளை வெயிஸ்ட்கோட் இருந்தது. மாலுமி போட்டிருந்ததோ நீலக் கம்பளிச் சட்டை. "உங்கள் நீலம்தான் இப்படி வெளுத்து விழுந்திருக்கிறது" என்று சொல்லிச் சமாளித்துவிட்டார். ஜனங்களுக்குத் தங்கள் முகமே தெரியாது, வாழ்நாளில் நாலைந்து தடவைகூடக் கண்ணாடி பார்த்திராதவர்கள் பாதிப்பேர், இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் தெரிந்தால் தன்னுடையதென்று நம்பிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

சொன்ன பொய்க்குள் ஓர் உண்மை இருந்ததுதான் அதைச் செல்லுபடியாக்கியது. நீலம் நிஜமாகவே வெளுத்துத்தான் விழும். சிவப்பும் மஞ்சளும் கறுத்துவிடும், செம்பட்டை முடி கறுப்பாகும், முகத்துப் புள்ளிகள் அழுக்குத் தெறித்ததுபோல் எடுப்பாகத் தெரியும். வெள்ளையும் வெளிர்நீலமும் வேண்டாம், அடர்நிறப் பட்டு உடுத்தி வாருங்கள் என்று ஸ்டுடியோக்கள் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

அரசி விக்டோரியாவுக்குப் படம் பிடிக்குமா?

மிகவும். ஆனால் 1852 ஜனவரியில் வில்லியம் கில்பர்ன் அவரையும் பிள்ளைகளையும் எடுத்தபோது அரசியின் கண் மூடிப்போயிற்று. தகட்டைப் பார்த்தவர் தன் முகத்தை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டார். பிள்ளைகளின் முகங்களில் கீறல் படவில்லை. நடுவில் உடலும் உடையும் இருக்க, முகமிருந்த இடத்தில் ஒரு வெற்று வட்டம். அந்தத் தகடு இன்றும் இருக்கிறது. இரண்டு நாள் கழித்துத் திரும்ப உட்கார்ந்தபோது பெரிய தொப்பி போட்டுப் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டார்.

கார்ட் டி விசிட் என்பது?

விசிட்டிங் கார்டு அளவிலான படம். அட்டை ஏறத்தாழ நாலங்குலம், இரண்டரை அங்குலம். பாரிஸில் டிஸ்டேரி 1854இல் காப்புரிமை பெற்ற முறைப்படி ஒரே கண்ணாடித் தகட்டில் எட்டு படம்வரை எடுத்து, முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் அச்சிட்டு வெட்டி ஒட்டினார்கள். 1860இல் ஜான் மேயால் அரச குடும்பத்தை எடுத்து விற்றதும் ஊரே பைத்தியம் பிடித்ததுபோல் வாங்கியது. மாமன் மகன் படத்துக்குப் பக்கத்துப் பக்கத்தில் அரசி, ஆல்பத்தில் இருவருக்கும் ஒரே அளவு இடம்.

லண்டன் பேஸ்வாட்டரில் கமீய் சில்வி என்பவர் தன்னிடம் வந்தவர்களின் படங்களை வரிசை எண் போட்டு நாட்குறிப்பேடுகளில் ஒட்டிவைத்தார். அவருடைய ஆயிரக்கணக்கான படங்களில், மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்து, சிறுமியாக இருக்கும்போது டஹோமி அரசரால் ஓர் ஆங்கிலக் கப்பல் அதிகாரியிடம் 'பரிசாக'க் கொடுக்கப்பட்டு, விக்டோரியாவின் ஆதரவில் வளர்ந்த சாரா ஃபோர்ப்ஸ் பொனெட்டாவும் இருக்கிறார். 1862இல், திருமணம் ஆன புதிதில் எடுத்தது. நேராக நம்மைப் பார்க்கிறார்.

என்னிடம் ஒரு பழைய படம் இருக்கிறது, எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சாய்த்தால் கண்ணாடியாகி முகம் மறைந்தால் டாகெரோடைப். கண்ணாடித் தகட்டில் எடுத்ததுதான், ஆனால் எப்படிச் சாய்த்தாலும் மறையவில்லை என்றால் கொலோடியன் படம். காந்தம் ஒட்டினால் இரும்புத் தகட்டில் எடுத்த டின்டைப். அட்டையில் ஒட்டிய பழுப்புத் தாள் என்றால் பெரும்பாலும் 1860க்குப் பிந்தையது. டாகெரோடைப் தகட்டைத் துடைக்கவே துடைக்காதீர்கள். மேல்கண்ணாடியைக் கழற்றி விரலால் ஒரு தடவை தேய்த்தால் அந்த முகம் போய்விடும், திரும்பி வராது.

ஜூலியா மார்கரெட் கேமரன் இலங்கையில் இறந்தார் என்பது உண்மையா?

உண்மை. 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863இல், 48 வயதில், மகளும் மருமகனும் கொடுத்த கேமராவோடு இங்கிலாந்தின் வைட் தீவில் படமெடுக்கத் தொடங்கினார். கரி போடும் அறை இருட்டறையாயிற்று, கோழிக்கூண்டு ஸ்டுடியோவாயிற்று. ஊர் உலகமெல்லாம் துல்லியத்துக்குப் பாடுபட்டபோது இவர் முகத்தை மிருதுவாக விட்டார். சின்ன அட்டைக்காலத்தில் பெரிய கண்ணாடித் தகட்டை எடுத்துக்கொண்டு முகத்தருகே போனார். அப்படி எடுத்தால் நிமிடக்கணக்கில் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் முகத்தில் ஓடிய சின்னச் சின்ன அசைவுகளும் படத்திலேயே தங்கிவிட்டன. வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷலை 1867இல் எடுத்த படத்தில், கலைந்த வெள்ளை முடியும் ஈரமான கண்களும் இருட்டிலிருந்து எழுந்து வருகின்றன. விக்டோரியா காலத்தில் இதற்கு ஈடான முகப்படம் வேறில்லை என்பேன்.

கணவருக்கு இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் குடும்பம் அங்கே போயிற்று. 1879 ஜனவரியில் டிக்கோயாவில் இறந்தார்; கல்லறை பொகவந்தலாவையில். அங்கே எடுத்தவற்றில் முப்பது படம் அளவில்தான் மிஞ்சியிருக்கின்றன. களுத்துறையில் அவரைப் பார்க்க வந்த ஓவியர் மரியான் நார்த் ஒரு சம்பவத்தை எழுதிவைத்திருக்கிறார். உள்ளூர்க்காரர் ஒருவரின் முதுகு அற்புதமாக இருக்கிறதென்று சொல்லி, தோட்டமே இல்லாத வீட்டில் அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம் கேமரன்.

மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் தமிழ் மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து நடந்தே மலையேறிப் போனவர்கள். கேமரன் இங்கிலாந்தில் முதன்முதலில் நன்றாக வந்ததென்று மகிழ்ந்த படத்தில் இருக்கும் சிறுமி ஆனி என்று நமக்குத் தெரியும். மாதா வேடத்தில் மறுபடி மறுபடி வரும் வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியர் என்றும் தெரியும். இலங்கைப் படங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. அவர்களும் அதே கேமராவுக்கு முன்னால், அதே நீண்ட விநாடிகளுக்கு, மூச்சை அடக்கி நின்றிருக்கிறார்கள்.